அவள் உட்கார்ந்த நாலு நிமிடம்

ஓர் அமெரிக்க நடிகையைப் பற்றி எழுதப் போகிறேன். அவளுடைய பெயர் எனக்குத் தெரியாது.

பெயரே தெரியாத ஆளைப் பற்றி என்னத்தை எழுதுவது என்று வாசிகசாலைக்குப் பத்திரிகை பார்க்க வரும் ஓய்வுபெற்ற கிளார்க் ஐயா கேட்டார். அவர் இங்கிலீஷ் படித்தவர். அந்தக் காலத்து இங்கிலீஷ் படக் கதாநாயகிகளின் பெயர்களைப் பத்து விரலையும் மடக்கிச் சொல்வார். நான் சொன்ன நடிகையை அவருக்கு ஞாபகமில்லை. "அதெல்லாம் ஒரு நடிகையாப்பா, தட்டு தூக்கிட்டு வந்து போறவ" என்றார். நான் தேயிலைத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். ஆள் முன்னால் நின்றால் நாக்கு மேலே ஒட்டிக்கொள்ளும். அன்றும் ஒட்டிக்கொண்டது. வருகிற வழியில் இதை எழுத ஒரு கொப்பி வாங்கினேன்.

அவள் பெயர் எனக்குத் தெரியாமல் போனதற்குக் காரணம் நான்தான். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

மாத்தளை டவுனில் ஒரு தியேட்டரில் பதினைந்து வருடத்துக்கு மேல் ஆப்பரேட்டராக இருந்தேன். கூச்சப்படுகிறவனுக்கு அதைவிட நல்ல வேலை கிடையாது. சனம் முழுக்க எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும். நான் மேலே ஒரு சின்ன அறையில், இரண்டு மெஷினுக்கு நடுவில், கார்பன் குச்சி எரிகிற சூட்டில் நிற்பேன். படம் அறுந்தால்தான் திரும்பிப் பார்ப்பார்கள். அறுக்காமல் ஓட்டப் பழகிக்கொண்டேன்.

எங்களுக்குச் சோறு போட்டது தமிழ்ப் படங்கள்தான். இங்கிலீஷ் படம் ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு காட்சி மட்டும். கொழும்பில் ஓடி, கண்டியில் ஓடி, உடம்பெல்லாம் கீறலோடு எங்களிடம் வரும். பத்தரைக்குத் தொடங்கும். பன்னிரண்டுக்கு முடிந்தாக வேண்டும். பன்னிரண்டரைக்குத் தமிழ்ப் படம். அதைப் பார்க்க ரத்தோட்டை, எல்கடுவைப் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து காலை பஸ்ஸில் சனம் வந்து கேட்டுக்கு வெளியே நிற்கும். அவர்கள் படம் முடிந்து நாலு மணி பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். விட்டால் மலையேறி நடைதான். ஆகவே இரண்டு மணி நேர இங்கிலீஷ் படத்தை நான் ஒன்றரை மணி நேரத்துக்குள் அடக்க வேண்டும்.

எப்படி அடக்குவது? வெட்டித்தான். சனிக்கிழமை பின்னேரம் ரீல்களைச் சுற்றிப் பார்த்து, வேண்டாத துண்டுகளை வெட்டி, ஒவ்வொன்றுக்கும் ஒரு நூல் கட்டிச் சுவரில் ஆணியில் தொங்கவிடுவேன். காட்சி முடிந்ததும் பசை தடவி அந்தந்த இடத்தில் திரும்ப ஒட்டிப் பெட்டியில் போட வேண்டும். கண்டித் தியேட்டர்காரர்களும் அதைத்தான் செய்தார்கள். தாங்கள் எதையெல்லாம் வெட்டினோம் என்று ஒரு துண்டுக் கடதாசியில் எழுதிப் பெட்டியோடு அனுப்புவார்கள். எங்கள் மெனேஜர் அதை வாசித்துச் சொல்வார். நான் வெட்டுவேன்.

வெட்டுவதற்கு ஓர் ஒழுங்கு இருந்தது. முதலில் படத்தின் தொடக்கத்தில் வரும் பெயர்கள். பிறகு கோயில், பிரசங்கம். பிறகு கிழவன் கிழவி பேச்சு. பிறகு சமையல் நடக்கிற குசினி. சண்டை, குதிரை, நடனம், முத்தம் இவற்றில் கை வைக்கக் கூடாது.

அவள் இருந்தது குசினியில். அவள் பெயர் இருந்தது முதல் துண்டில். இரண்டையும் வெட்டித் தொங்கவிட்டவன் நான். அவளுடைய எத்தனை படத்தை அப்படி வெட்டினேனோ, அவளை ஓர் ஆளாகப் பார்க்கும்வரை.

அவளை முதலில் கண்டுபிடித்தது நானில்லை. தியேட்டரைக் கூட்டுகிற அக்கா. என்னைவிடப் பத்து வயது கூடியவர். கலியாணத்துக்கு முன்பு ஒரு துரை பங்களாவில் வேலை செய்தவர். காட்சி ஓடும்போது தும்புத்தடியைப் பிடித்துக்கொண்டு பக்கக் கதவுத் திரைக்குப் பின்னால் நின்றபடி பார்ப்பார். ஒருநாள் படம் முடிந்து மேலே ஏறி வந்து என் அறைக் கதவில் சாய்ந்துகொண்டார்.

"தம்பி, இந்தப் பொம்பள போன மாசமும் வந்தாளே."

"எந்தப் பொம்பள?"

"டீ கொண்டாந்தாளே, அவதான். போன மாசம் வேற வூட்டுல வேல செஞ்சா. இப்ப இந்த வூட்டுல."

"வேலைக்காரிங்க எல்லாம் ஒரே மாதிரித்தான் இருப்பாங்க அக்கா."

"துரைங்களும் அப்படித்தான் சொல்லுவாங்க" என்றார் அக்கா.

அவர் இறங்கிப் போன பிறகு ஆணியில் தொங்கிய துண்டுகளை ஒவ்வொன்றாகப் பல்புக்கு நேரே பிடித்துப் பார்த்தேன். அவள் இருந்தாள். அகலமான முகம், வெள்ளைக்காரி இல்லை. கறுப்பு. கதவோரத்தில் தட்டோடு நிற்கிற கறுப்பு. வாய் ஏதோ சொல்கிறது, கண் வேறு எதையோ பார்க்கிறது. அடுத்த மாதப் படத்திலும் இருந்தாள். அதற்கடுத்ததிலும்.

அன்றிலிருந்து நாங்கள் இரண்டு பேரும் அவளைத் தேடத் தொடங்கினோம். எங்களுக்கு வந்த படங்கள் ஒழுங்காக வருவதில்லை. கொழும்பில் எந்தப் பெட்டி சும்மா கிடக்கிறதோ அதுதான் வரும். ஒரு மாதம் அவளுக்குத் தலை நரைத்திருக்கும், அடுத்த மாதம் இடுப்பு மெலிந்து குமரியாக வருவாள். பிறகு நடுவயது. பிறகு திரும்பவும் குமரி. ஒரு மனுஷியின் வாழ்க்கையைச் சீட்டுக்கட்டு மாதிரிக் குலைத்துக் கொடுத்தது போலிருந்தது. ஆனால் எத்தனை வயதானாலும் உடுப்பு மாறவில்லை. கறுப்புச் சட்டை, வெள்ளை ஏப்ரன். குமரியாக இருந்தபோது எந்த மேசைக்குத் தட்டு தூக்கினாளோ, நரைத்த பிறகும் அதே மேசைக்குத்தான் தூக்கினாள். மற்ற நடிகைகள் ராணியானார்கள், நர்ஸானார்கள், கொள்ளைக்காரன் பெண்டாட்டியானார்கள். அவள் தட்டைக் கீழே வைக்கவே இல்லை.

அதற்குள் அவள் என்னவெல்லாம் செய்தாள் என்று கிளார்க் ஐயாவுக்குத் தெரியாது. எங்களுக்குத் தெரியும். ஒரு படத்தில் அந்த வீட்டுத் துரைசாணி பொய் சொல்வாள். நம்பினவள் மாதிரி இவள் தலையாட்டுவாள், ஆனால் அந்த நேரத்தில் கோப்பையைச் சற்றே தள்ளி வைப்பாள். அவ்வளவுதான். எங்களுக்கு ஒரு சொல் இங்கிலீஷ் தெரியாது. இருந்தாலும் துரைசாணி பொய் சொல்கிறாள் என்று அந்தக் கோப்பையை வைத்துத்தான் தெரிந்துகொண்டோம்.

"ஊத்துற கையப் பாத்தீங்களா தம்பி?" என்பார் அக்கா. "கோப்பயப் பாக்காமலே ஊத்துறா. ஒரு சொட்டு சிந்தல. பங்களாவுல நின்னவளுக்குத்தான் அது வரும். ஒண்ணா அவ நெசமாவே நின்னுருக்கணும், இல்லாட்டி நின்னவள ஒக்காந்து பாத்துருக்கணும்."

பிறகு ஒருநாள் அவரே கேட்டார்.

"ஏன் தம்பி, ஒரு படத்துலயாச்சும் அவ ஒக்காந்தாளா?"

யோசித்துப் பார்த்தேன். உட்காரவில்லை.

"துரைசாணி செத்துப்போன படத்துலகூட நின்னுக்கிட்டே அழுதா. நானும் எட்டு வருசம் பங்களாவுல இருந்தேன். அந்த வூட்டுக் கதிரையெல்லாம் தொடச்சிருக்கேன். எது மெத்துனு இருக்கும்னு கேட்டா எனக்குச் சொல்லத் தெரியாது."

அதன் பிறகு நான் வேறு எதையும் தேடவில்லை. எந்தப் பெட்டி வந்தாலும் அவள் உட்கார்கிறாளா என்றுதான் முதலில் பார்ப்பேன். வருடக்கணக்காகப் பார்த்தேன்.

நடுவில் நான் செய்த ஒரு பிழையையும் சொல்ல வேண்டும். ஒரு படத்தில் அவள் நோயில் செத்துப்போகிறாள். சாவதைக்கூடக் கட்டிலில் காட்டவில்லை. கதாநாயகி ஒரு கறுப்புத் தொப்பியோடு கல்லறையிலிருந்து திரும்பி வருவாள், அவ்வளவுதான். அந்த முறை படம் இரண்டு ஞாயிறு ஓடியது. முதல் ஞாயிற்றுக்கு வெட்டிய துண்டொன்றின் நூல் அவிழ்ந்து கீழே கிடந்தது. அவசரத்தில் அதை வேறு இடத்தில் ஒட்டிவிட்டேன். இரண்டாவது ஞாயிறு, கல்லறையிலிருந்து திரும்பி வந்த கதாநாயகிக்கு, செத்துப்போனவளே வந்து டீ ஊற்றினாள்.

இப்போது கத்துவார்கள், இப்போது விசிலடிப்பார்கள் என்று ஓட்டை வழியாகப் பார்த்தபடி நின்றேன். ஒருவரும் அசையவில்லை. பெல்கனியில் இங்கிலீஷ் தெரிந்த மாஸ்டர்மார்கள், வங்கிக்காரர்கள் எல்லாரும் இருந்தார்கள். செத்தவள் வந்து டீ ஊற்றிவிட்டுப் போகிறாள், அத்தனை பேரும் கடலை கொறித்துக்கொண்டு பார்த்திருந்தார்கள்.

அக்கா மட்டும் மேலே வந்தார். சிரிப்பார் என்று நினைத்தேன். "செத்த பொறகும் வேலைக்குக் கூப்புட்டுட்டீங்களே தம்பி" என்றார்.

அதை அவர் பகிடியாகத்தான் சொன்னார். எனக்குப் பகிடியாக இல்லை. அன்று முதல் அவள் இருந்த துண்டுகளை வெட்டும்போது என் கை கூசியது. கூசினாலும் வெட்டினேன். மெனேஜர் சொன்னால் செய்கிறவன் நான்.

மெனேஜர் கெட்டவர் இல்லை. டவுனிலேயே பிறந்து வளர்ந்த முஸ்லிம் குடும்பம். நாங்கள் அவரை நானா என்போம். பெருநாளைக்கு எங்கள் எல்லார் வீட்டுக்கும் வட்டிலப்பம் அனுப்புவார். கையில் எப்போதும் மணிக்கூடு இருக்கும். தியேட்டரை அந்த மணிக்கூட்டை வைத்துத்தான் நடத்தினார்.

அறுபதுகளின் நடுவில் ஒரு சனிக்கிழமை, புதிதாக வந்த பெட்டியைச் சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆறாவது ரீலில் குசினி வந்தது. அவள் வந்தாள். வழக்கம்போல ஏப்ரன். சுற்றிக்கொண்டே போன கை தானாக நின்றது. படச்சுருளைப் பல்புக்குக் கிட்டத்தில் பிடித்தேன். அவள் உட்கார்ந்திருந்தாள். குசினியில் இல்லை, குசினியைத் தாண்டி உள்ளே, அந்த வீட்டுச் சாப்பாட்டு மேசையில். எதிரே வீட்டுக்காரன் நிற்கிறான். இவள் உட்கார்ந்து பேசுகிறாள். நீளத்தை அளந்து பார்த்தேன். நாலு நிமிடம் வரும்.

ஓடிப்போய் அக்காவிடம் சொல்ல நினைத்தேன். அதற்குள் நானா கண்டிக் கடதாசியோடு ஏறி வந்துவிட்டார்.

"பேரு. கல்யாணப் பிரசங்கம். தாத்தாட காயிதம். ஆறாவது ரீல்ல வேலைக்காரிட பேச்சு, நாலு நிமிசம்" என்று வாசித்தார். "எல்லாத்தையும் தூக்கு."

"நானா, அந்த வேலைக்காரி..."

"என்னத்துக்கு?"

"அது இருக்கட்டும் நானா."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். இத்தனை வருடத்தில் நான் 'சரி நானா' என்பதைத் தவிர வேறு சொன்னதில்லை.

"வேலைக்காரிட கதையக் கேக்கவா சனம் டிக்கட் எடுத்து வந்தீக்கி? நாலு நிமிசம் பிந்தினா தோட்டத்துச் சனம் பஸ்ஸ வுட்டுரும். ஒண்ட ஆக்கள்தானே அவங்க? நீ தோள்ல தூக்கிட்டுப் போவியா?"

அவர் சொன்னது நியாயம்தான். என் அம்மா கூட அந்த பஸ்ஸில் வருகிறவள்தான். நானா இறங்கிப் போனார். நான் கத்தரிக்கோலைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நாலு நிமிடம் போக வேண்டும், அவ்வளவுதானே. யாருடைய நாலு நிமிடம் என்று மணிக்கூடு கேட்காது. ஐந்தாவது ரீலை எடுத்தேன். கதாநாயகனும் கதாநாயகியும் ஒரு தோணியில் போகிறார்கள். நிலா. நெடுநேரம் ஒருவரையொருவர் பார்க்கிறார்கள். பிறகு முத்தம். அளந்தேன். நாலு நிமிடத்துக்குச் சற்றுக் கூட.

வெட்டினேன். நூல் கட்டி ஆணியில் தொங்கவிட்டேன். கை கூசவே இல்லை.

ஞாயிறு காலை கெலரி நிறைந்துவிட்டது. சுவரொட்டியில் அந்தத் தோணியைத்தான் பெரிதாகப் போட்டிருந்தார்கள். தோணி கரையை விட்டுக் கிளம்பியது. அடுத்த நொடி இருவரும் வீட்டு வாசலில் நின்றார்கள். கெலரிக்கு விளங்க ஒரு நிமிடம் பிடித்தது. பிறகு கதிரைகளை அடிக்கத் தொடங்கினார்கள். விசில். "அடேய் ஆப்பரேட்டர், தோணி முழுகிப் போச்சா?" என்று ஒருவன். "இல்லடா, ஆப்பரேட்டர் பொண்டாட்டி பாத்துட்டா" என்று இன்னொருவன். சிங்களத்திலும் நல்லதாக நாலு வார்த்தை வந்தது.

நானா படியேறி வந்து கதவைத் தட்டினார். நான் உள்பக்கம் தாழ்ப்பாள் போட்டிருந்தேன்.

"முத்தம் எங்கடா?"

"ஆணியில தொங்குது நானா."

"திறடா கதவ."

"ரீல் மாத்தப் போறேன் நானா. கை விட ஏலாது."

அது பொய்யில்லை. ஆறாவது ரீல் ஓடத் தொடங்கியது. வெளியே நானா என் பரம்பரையையே திட்டினார். இடையில் நிறுத்தினார். மணிக்கூட்டைப் பார்த்திருப்பார், நேரம் சரியாகத்தான் இருந்தது.

அவள் குசினியிலிருந்து வந்தாள். சாப்பாட்டு மேசை. கதிரையை இழுத்தாள். அந்தச் சத்தம் தியேட்டர் முழுக்கக் கேட்டது. உட்கார்ந்தாள். கெலரியில் சிலர் இன்னும் முத்தம் கேட்டுக் கத்திக்கொண்டிருந்தார்கள். அவளுக்கு அது ஒரு பொருட்டாகத் தெரியவில்லை. அவள் பேசினாள். அழவில்லை, கையெடுத்துக் கும்பிடவில்லை. எதிரே நின்றவன் வாய் திறக்கப் பார்த்தான், ஒரு விரலை மேசையில் வைத்தாள், அவன் மூடிக்கொண்டான். என்ன பேசினாள் என்று எனக்கு இன்றும் தெரியாது. கிளார்க் ஐயா மாதிரி ஒருவரைக் கூப்பிட்டு விளக்கம் கேட்டிருக்கலாம். கேட்கத் தோன்றவில்லை. கேட்டிருந்தாலும் அவருக்கு அந்த விரல் தெரிந்திருக்காது.

படம் பன்னிரண்டுக்கு முடிந்தது. தமிழ்ப் படம் பன்னிரண்டரைக்குத் தொடங்கியது. ஒரு பஸ்ஸும் தவறவில்லை.

இரண்டு படத்துக்கும் நடுவில் அக்கா மேலே வந்தார். நான் அவர் முகத்தையே பார்த்தேன். கண் கலங்கியிருக்கும் என்று நினைத்தேன்.

"நுனியிலதான் ஒக்காந்தா தம்பி" என்றார்.

"என்ன?"

"கதிர நுனியில. கூப்புட்டா ஒடனே எந்திரிக்கிற மாதிரி. பாக்கலயா நீங்க?"

சொன்ன பிறகுதான் நினைத்துப் பார்த்தேன். உண்மை. முதுகு கதிரையில் படவே இல்லை. எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது. அக்கா என் தோளில் தட்டினார். "பரவாயில்ல. ஒக்காந்துட்டால்ல" என்று சொல்லிவிட்டுக் கூட்டப் போனார்.

அந்தக் கிழமை முழுக்க நானா என்னோடு பேசவில்லை. கண்டியிலிருந்து வேறு ஆப்பரேட்டரைக் கொண்டுவரப் போவதாக டிக்கட் கொடுக்கிறவரிடம் எனக்குக் கேட்கும்படி சொன்னார். நான் ஒவ்வொரு நாளும் வழக்கமான நேரத்துக்கு வந்து அறையைத் திறந்தேன். அடுத்த படத்தின் பெட்டி வந்து சேராததால் அதே படத்தை அடுத்த ஞாயிறும் ஓட்ட வேண்டியதாயிற்று. சனிக்கிழமை நானா ஏறி வந்தார்.

"தோணிய ஒட்டு. வேலைக்காரிய வெட்டு."

தோணியை ஒட்டினேன். பிறகு ஆறாவது ரீலையும் கத்தரிக்கோலையும் அவர் முன்னால் மேசையில் வைத்தேன்.

"நீங்களே வெட்டுங்க நானா. எனக்குக் கை வராது."

கத்தரிக்கோலை அவர் பக்கம் தள்ளினேன்.

நானா கண்ணாடியை மாட்டிக்கொண்டு படச்சுருளைப் பல்புக்கு நேரே பிடித்தார். இந்தப் பக்கம் சுற்றினார், அந்தப் பக்கம் சுற்றினார். அந்தப் படத்தில் கதாநாயகியின் வீடு நொடித்துப்போய், கடைசியில் அவளே ஏப்ரன் கட்டிக்கொண்டு குசினியில் மாப்பிசைகிற இடம் ஒன்று உண்டு. அதுவும் அதே ரீல்தான். நானா அதைப் பிடித்து நிறுத்தினார்.

"இதானே வேலைக்காரி?"

அவர் ஏப்ரனைப் பார்த்தார். முகத்தைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால், அது வெள்ளைக்காரி என்று சின்னப் பிள்ளைகூடச் சொல்லியிருக்கும். நான் 'இல்லை' என்று சொல்லவில்லை, 'ஆமாம்' என்றும் சொல்லவில்லை. கூச்சக்காரன் வாய் திறக்காததை யாரும் சந்தேகப்படுவதில்லை. வாழ்க்கையில் ஒரு தடவை அது எனக்கு உதவியது. அவர் வெட்டினார். நான் நூல் கட்டி ஆணியில் தொங்கவிட்டேன்.

மறுநாள் தோணி முழுதாக ஓடியது. முத்தத்துக்குக் கெலரி கை தட்டியது. பிறகு கதாநாயகி காணாமல் போனாள். எங்கே போனாள், எதற்காகக் கடைசியில் மாவுக்கையோடு நிற்கிறாள் என்று ஒருவருக்கும் விளங்கவில்லை. திரும்பவும் கதிரை அடித்தார்கள். நானா கீழே நின்று திரையைப் பார்த்தார். திரையில் அவள் கதிரையை இழுத்து உட்கார்ந்துகொண்டிருந்தாள். நாலு நிமிடமும் அவர் அங்கேயே நின்றார். கையில் மணிக்கூடு இருந்தது, அதை அவர் பார்க்கவில்லை. பிறகு தலையை நிமிர்த்தி என் அறை ஓட்டையைப் பார்த்தார். நான் விலகிக்கொள்ளவில்லை.

அதன் பிறகு கண்டிக் கடதாசி வந்தால் நானா அதை வாசிக்காமல் என் மேசையில் வைத்துவிட்டுப் போய்விடுவார். எனக்கு இங்கிலீஷ் வாசிக்கத் தெரியாது என்று அவருக்குத் தெரியும். அரை மணி நேரம் குறைக்க வேண்டியது என் பொறுப்பு. யாரைக் குறைப்பது என்பதும் என் பொறுப்பு. மாத்தளையில் அதற்குப் பிறகு ஓடிய இங்கிலீஷ் படங்களில் தோணிகள் சற்று வேகமாகப் போயின. குசினிகள் முழுதாக ஓடின. முதலில் வரும் பெயர்களையும் விட்டுவிட்டேன். ஆனால் அந்த எழுத்துக்களை எனக்கு வாசிக்க வரவில்லை, அக்காவுக்கும் வரவில்லை. அந்தக் காலத்தில் தோட்டத்துச் சனத்துக்குப் பிரஜாவுரிமை கிடையாது, எங்கள் பெயரும் இந்த நாட்டில் எந்தப் பட்டியலிலும் இல்லை. அந்தப் பெயர்களில் எது அவளுடையது என்று தெரியாமலே ஒவ்வொன்றையும் கடைசி எழுத்துவரை ஓட்டினேன்.

கிளார்க் ஐயா இதை வாசித்தால் பெயரைக் கேட்பார். கேட்கட்டும். மற்ற நடிகைகளின் பெயரெல்லாம் தெரிந்த அவருக்கு இவள் முகம் தெரியாது. எனக்கு அவளுடைய மோவாயில் இருந்த மச்சம்கூடத் தெரியும்.

நானா கீழே நின்று பார்த்த அந்த இரண்டாவது ஞாயிறும் அக்கா மேலே ஏறி வந்தார். கையில் தும்புத்தடி. வழக்கமாகக் கதவில் சாய்ந்து நிற்பவர், என் ஸ்டூலைக் காலால் இழுத்துப் போட்டு, சுவரில் முதுகை நன்றாகச் சாய்த்து உட்கார்ந்துகொண்டார்.

"இன்னைக்கு கொஞ்சம் உள்ளுக்குத் தள்ளி ஒக்காந்தா தம்பி" என்றார்.

அதே படம், அதே துண்டு. ஒரு விரல்கூட அவள் நகர்ந்திருக்க முடியாது. படச்சுருளை ஆயிரம் தடவை தொட்டவன் நான், அது எனக்குத் தெரியாதா?

"ஆமாக்கா" என்றேன். "நானும் பாத்தேன்."